ஆவணி முகூர்த்தமும் ஆடிக் கப்பலும்

எங்கள் வீட்டுக் கப்பல் கதை நண்பர்கள் வட்டத்தில் பரவிவிட்டது. பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போதுகூட யாராவது பக்கத்தில் வந்து, "டெபாசிட் திரும்ப வராதுன்னு போட்டிருக்கே, தேதியை மாத்த முடியுமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியும். எல்லோரும் பயப்படுவது மாற்றுக் கட்டணத்துக்கு. ஆனால் பணம் நிஜமாகக் கரையும் இடம் வேறு. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்ஸியில், எடிசன். விமானம் ஏறாமலே கப்பல் பிடிக்கலாம் என்பது இந்தப் பக்கத்தில் பெரிய வசதி. மன்ஹாட்டன், புரூக்ளின், பேயோன் என்று மூன்று இடங்களில் பயணிகள் கப்பல் துறை இருக்கிறது. என் மாமனாரும் மாமியாரும் உடுமலைப்பேட்டையிலிருந்து கோடைக்கு வருவதாக இருந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. நயாகராவுக்குக் காரில் நாளெல்லாம் உட்காரவைத்துக் கூட்டிப்போவதைவிட, படுக்கையும் சாப்பாடும் லிஃப்டும் உள்ள இடத்தில் ஏற்றிவிட்டால் ஊர் தானாக ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும் என்பது என் கணவரின் யோசனை. பெர்முடாவுக்கு ஏழு இரவு, ஆகஸ்ட் கடைசி வாரம். எங்கள் நான்கு பேருக்கு ஓர் அறை, பெரியவர்களுக்கு ஓர் அறை. நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடியில் பதிந்தோம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. விதிகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

அமெரிக்காவில் கப்பல் பதியும்போது இரண்டு விலை காட்டுவார்கள். ஒன்று, டெபாசிட் திரும்பக் கிடைக்கும் விலை. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் டெபாசிட் திரும்ப வராது. முன்பெல்லாம் இங்கே டெபாசிட் என்றாலே, இறுதித் தொகை கட்டும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மக்கள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே கோடைக்கு மூன்று கப்பலில் அறை பிடித்து வைத்துவிட்டு, கடைசியில் இரண்டைக் கைவிடுவார்கள். கப்பல்காரனுக்கு எத்தனை அறை உண்மையில் நிரம்பியிருக்கிறது என்றே தெரியாது. அதனால் பெரிய நிறுவனங்கள் காலப்போக்கில் ஒவ்வொன்றாக இந்த மலிவு விலையைக் கொண்டுவந்தன. ராயல் கரீபியனில் இந்த வகைப் பதிவில் கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர். கார்னிவல் 'ஏர்லி சேவர்' என்ற பெயரில் ஆளுக்கு 50 டாலர் என்று வைத்திருந்தது. பிரிட்டனில் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே டெபாசிட் என்றால் பொதுவாகவே போனது போனதுதான். லண்டனில் இருக்கும் என் சித்தி மகளிடம் இந்த இரண்டு விலைக் கதையைச் சொன்னபோது, "திரும்பக் குடுப்பாங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

இப்படி முன்கூட்டியே வந்து சேரும் பணம் சின்னத் தொகையும் அல்ல. 2023 நவம்பர் இறுதியில் கார்னிவல் குழுமத்தின் கையில் வாடிக்கையாளர்கள் கட்டிய முன்பணம் மட்டும் 6.4 பில்லியன் டாலர். இன்னும் கப்பல் ஏறாதவர்கள் கொடுத்து வைத்த காசு அது. அதைக் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்தால், இந்த விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரிந்துவிடும். நாம் கப்பலில் வந்தாக வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. எந்த வாரம் வருகிறோம் என்பது பற்றி அவ்வளவு கவலையில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்து அட்வான்ஸ் மாதிரிதான். கல்யாணம் நின்றால் அட்வான்ஸ் வராது, ஆனால் வேறு தேதி காலியாக இருந்தால் மேனேஜர் முனகிக்கொண்டே நோட்டில் அடித்து எழுதிக்கொள்வார். புதுத் தேதிக்கு அன்றைய வாடகைதான்.

கல்யாணம் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள் தம்பி கூப்பிட்டான். "அக்கா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஆவணி ரெண்டாவது வாரம் முகூர்த்தம். டிக்கெட் போட்டுடு." ஒரு வருடமாகப் பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தாமல், பொருந்தியது பிடிக்காமல் போன வீடு. எனக்கு ஒரே சந்தோஷம். தேதியைக் கேட்டுக் காலண்டரைப் புரட்டினால், நாங்கள் பெர்முடாவில் இறங்கியிருக்க வேண்டிய நாள்.

மற்றவர்கள் கல்யாணம் என்றால் வீடியோவில் பார்த்து ஆசீர்வாதம் அனுப்பிவிடலாம். கூடப் பிறந்த தம்பி கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவளே நான்தான். நாத்தனார் முடிச்சை ஜூமில் போட முடியாது.

சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தோம். எங்களுக்குப் பதிந்து கொடுத்தது இங்கேயே வீட்டிலிருந்து ஏஜென்ட் வேலை பார்க்கும் ஒரு தமிழ் அக்கா. ஏஜென்ட் மூலம் பதிந்தால் மாற்றங்களையும் அவர்தான் செய்ய வேண்டும். கப்பல் கம்பெனிக்கு நேராகப் போன் செய்தால், "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்று பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்லதாகவே பட்டது. போன் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கும் வேலை அவருடையது. அவருக்குக் கமிஷன் கம்பெனி கொடுக்கிறது.

முதல் யோசனை, ரத்து. ஆளுக்கு 250 டாலர் வீதம் ஆறு பேருக்குக் கட்டிய 1,500 கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தோம். எல்லாம் போகாது, ஆளுக்கு 100 பிடித்துக்கொண்டு மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருவோம் என்றார்கள். அந்த வரவும் ரொக்கமாகாது. அவரவர் பெயரிலேயே இருக்கும், குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மாமனார் பெயரில் 150 டாலர் வரவு கிடந்து என்ன செய்ய? அவர் அடுத்து எப்போது அமெரிக்கா வருவார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது யோசனை என் கணவருடையது. அவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர், "அந்த வாரம் எங்களுக்குத் தோதுப்படும், அறையை எங்களுக்கு மாத்திக் குடுங்க" என்றார். பெயர் மாற்றம் செய்யலாம்தான். ஆனால் அறையில் முதலில் பதிந்தவர்களில் ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. மொத்தமாக வேறு குடும்பத்துக்குக் கைமாற்றிவிட முடியாது. டிக்கெட்டை வாங்கி விற்கும் தொழில் தொடங்கிவிடக் கூடாதே என்பது அவர்கள் பயம், அது நியாயமும்கூட. இதே விதியால் இன்னொரு பக்கம் நன்மை உண்டு. இரண்டு பேர் பதிந்த அறையில் ஒருவர் வர முடியாவிட்டால், இன்னொரு சொந்தக்காரர் பெயரைப் போட்டுவிடலாம். வெறுமனே ஒருவரை நீக்கினால் தனி ஆளுக்கு இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் கப்பல் விலை போடப்படுகிறது.

மூன்றாவது, தேதி மாற்றம். இதில்தான் அக்கா ஒரு முக்கியமான வார்த்தை சொன்னார். "எதையும் கேன்சல் பண்ணாதீங்க. முதல்ல புதுக் கப்பல்ல இடம் இருக்கான்னு பார்ப்போம், விலையை எழுதி வாங்குவோம், அப்புறம் டெபாசிட்டைத் தூக்கி அங்க போடுவோம்." கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் முதலில் ரத்துப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய. ரத்து செய்த பதிவிலிருந்து டெபாசிட்டை எடுத்துப் புதியதில் போடுவது ரொம்பவே கஷ்டம்.

எந்தத் தேதிக்கு மாற்றுவது? செப்டம்பரில் கனடா, நியூ இங்கிலாந்துப் பக்கம் போகும் கப்பலில் விலை தோதாக இருந்தது. ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான், இலையெல்லாம் நிறம் மாறும் காலம். மாமனார் பொதுப்பணித் துறையில் இருந்தவர். செயின்ட் ஜான் இருக்கும் ஃபண்டி விரிகுடாவில் கடல் மட்டம் ஒரே நாளில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும் இடங்கள் உண்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினாறு மீட்டரா? அஞ்சு மாடி உசரம்!" ஆனால் செப்டம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதைவிடப் பெரிய தடை விசா. கிரீன் கார்டு இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கனடாத் துறைமுகத்தைத் தொடும் கப்பலில் ஏறக் கனடா விசா வேண்டும். கப்பல்தானே, இறங்காமல் உள்ளேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னாலும் ஏற்ற மாட்டார்கள்.

இந்த இடத்தில் சின்ன இடைச்செருகல். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பயணத் திட்டத்தை மாற்றும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, இங்கே தங்கும் அனுமதி மட்டும் செல்லுபடியாக இருந்தால், கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ மட்டும் 30 நாளுக்குள் போய்த் திரும்ப ஒரு சலுகை விதி இருக்கிறது. பெர்முடா, பஹாமாஸ் போன்ற தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே விசா மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான். எச்-1பிக்குக் கிடையாது. அதாவது, கனடாக் கப்பலில் பதிந்த ஒருவர் மலிவாக இருக்கிறதே என்று பெர்முடாவுக்கு மாற்றினால், போகும்போது பிரச்சினை இருக்காது, திரும்பி இறங்கும்போது இருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இந்தக் காரணத்துக்காக மலிவான கப்பலை விட்டுவிட்டது.

ஆக, எங்களுக்கு மிஞ்சியது அதே கோடையில், கல்யாணத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறைக்குள் ஒரு வாரம். அப்புறம் இன்னொரு கல்யாணம் வந்து குறுக்கே விழாத வாரம். பெண் வீட்டில் ஒரு சித்தப்பா மகள், எங்கள் பக்கத்தில் இரண்டு மாமா மகன்கள் என்று வரிசையில் காத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், எந்தத் தமிழ் வீட்டிலும் கல்யாணம் வைக்காத மாதம் ஒன்று சரியாக அமெரிக்கக் கோடை விடுமுறையில் வந்து விழுகிறது. ஆடி! ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை யாரும் பத்திரிகை நீட்ட மாட்டார்கள். ஜூலை 20ஐ ஒட்டிய வாரம் என்று முடிவு செய்தோம்.

மாமியார் மட்டும் தயங்கினார். "ஆடியில பயணம் கிளம்பறது வேண்டாமே கண்ணு."

மாமனார் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "கப்பல்ல ஏறி இறங்கப் போறோம். நாம என்ன கிரகப்பிரவேசமா பண்றோம்?" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அவர். அதற்கு அர்த்தம் சம்மதம் என்று எங்களுக்குத் தெரியும்.

ஊரில் ஆடி என்றால் தள்ளுபடி. கப்பலில் ஆடிதான் உச்ச விலை. ஜூலையில் அமெரிக்கா முழுக்கப் பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் கடைசியில் தென் மாநிலங்களில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன, அட்லாண்டிக் பக்கம் புயல் காலமும் சூடு பிடிக்கிறது, அதனால் விலை இறங்குகிறது. நாங்கள் முதலில் பதிந்திருந்தது அந்த இறங்கிய விலையில். இப்போது ஏறிய விலைக்குப் போகிறோம்.

விலை ஒரு பக்கம் இருக்க, இடம் கிடைப்பதே ஒரு புதிராக இருந்தது. இணையத்தில் பார்த்தால் நாங்கள் கேட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்தில் அறைகள் காலியாக இருந்தன. இரண்டு பேர் என்று போட்டால் வரிசையாக வருகிறது. நான்கு பேர் என்று போட்டால் ஒன்றுமே இல்லை. நான்கு படுக்கை உள்ள அதே வகை அறை காலியாக இருந்தும் ஏன் தர மறுக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். ஒவ்வோர் அறையும் ஏதாவது ஓர் உயிர்காப்புப் படகுப் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து வந்தால் அந்த அறைக்காரர்கள் போய் நிற்க வேண்டிய இடம் அது. அந்தப் படகில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. கப்பலில் இருக்கும் அத்தனை படுக்கையும் நிரம்பினால் ஆட்கள் படகின் வரம்பைத் தாண்டிவிடுவார்கள் என்பதால், ஒரு பகுதியில் மூன்றாவது, நான்காவது ஆட்கள் கணிசமாகச் சேர்ந்ததும் கணினி அந்தப் பக்கத்து அறைகளை இரண்டு பேருக்கு மட்டும் என்று பூட்டிவிடும். குடும்பங்கள் படையெடுக்கும் ஜூலையில் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. அறை இருக்கும், படுக்கை இருக்கும், படகில் இடம் இருக்காது. தெரிந்துகொண்டபோது எரிச்சல் போய் ஒரு நிம்மதிதான் வந்தது.

இதனால்தான் பிள்ளைகளோடு போகிறவர்கள் தேதி மாற்ற வேண்டுமென்றால் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும் என்கிறேன். எங்களுக்கு வேண்டிய வாரத்தில் நான்கு பேர் அறை ஒன்று எட்டாம் தளத்தில் கிடைத்தது. பெரியவர்களுக்கு அதற்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை, இரண்டு தளம் கீழே, லிஃப்டை ஒட்டி. முன்பு பதிந்திருந்த அடுத்தடுத்த அறைகள் போயின. இரண்டு அறையும் தனித்தனிப் பதிவு எண்ணில் இருந்தது இங்கே கைகொடுத்தது. ஒன்றை நகர்த்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு மற்றதை நகர்த்த முடிந்தது.

இனிக் கணக்கு. எங்கள் அறை பழைய விலை 3,960 டாலர், புதியது 5,120. பெரியவர்கள் அறை பழையது 2,240, புதியது 2,610. இரண்டிலும் சேர்த்து விலை ஏற்றம் 1,530. அதற்கு மேல் மாற்றுக் கட்டணம் ஆளுக்கு 100 வீதம் 600. மொத்தம் 2,130 டாலர் கூடுதல். என் கணவர் இதைப் பார்த்ததும், "அன்னிக்கே திரும்பக் கிடைக்கிற டெபாசிட் போட்டிருக்கணும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால், அந்த வகையில் பதிந்திருந்தால் அன்றைக்கே இரண்டு அறைக்கும் சேர்த்து 380 டாலர் அதிகம் கொடுத்திருப்போம். தேதி மாற்றும்போது 600 மிச்சமாகியிருக்கும், உண்மை. ஆனால் அந்த 1,530? அது எந்த வகை டெபாசிட் போட்டிருந்தாலும் வந்திருக்கும். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்றால் பணம்தான் திரும்பக் கிடைக்கும், நவம்பர் விலை கூடவே வராது. வேறு தேதிக்குப் போகிற எவரும் அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆக, மலிவு வகையைத் தேர்ந்ததால் எங்களுக்கு நிஜமாக நஷ்டம் 220 டாலர். ஆறு பேர் ஒரு வாரம் போய் வரும் பயணத்தில் அதற்காகப் புலம்ப மாட்டேன்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஆகஸ்ட் கடைசியை அக்டோபருக்கு மாற்றுபவர்களுக்கு விலை இறங்கலாம். மாற்றுக் கட்டணத்தைக் கட்டியும் லாபம் பார்த்தவர்கள் உண்டு. அதனால் "ஆளுக்கு 100 டாலரா!" என்று நெஞ்சைப் பிடிப்பதற்கு முன், புதிய தேதியின் விலையைக் கேளுங்கள். அதுதான் முடிவு செய்யும்.

விலையில் ஒளிந்து வரும் இன்னொன்று சலுகை. நவம்பரில் பதிந்தபோது கப்பலில் செலவழிக்க அறைக்கு 100 டாலர் வரவு கொடுத்திருந்தார்கள். தேதி மாற்றியதும் அது போய்விட்டது. அந்தச் சலுகை அந்தப் பதிவுக்கு மட்டுமாம். 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்டேன். கோடை வாரங்களுக்கு அது பெரும்பாலும் செல்லாது. செல்லும் வாரங்களிலும் துறைமுக வரி கட்டியே ஆக வேண்டும்.

தேதியை முன்னுக்கு இழுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இறுதித் தொகை நாள். எங்கள் மாதிரி ஏழு இரவுப் பயணத்துக்குக் கிளம்புவதற்கு 90 நாள் முன்பு முழுப் பணமும் கட்டிவிட வேண்டும். வேறு சில நிறுவனங்கள் 120 நாள் கேட்கின்றன. ஆகஸ்ட் பயணத்துக்கு எங்கள் கெடு மே கடைசி. ஜூலைக்கு மாற்றியதும் அது ஏப்ரல் இருபதுக்கு வந்துவிட்டது. ஆவணிக் கல்யாணத்துக்குச் சென்னை டிக்கெட் எடுக்க வைத்திருந்த பணமும் இதுவும் ஒரே மாதத்தில் மோதின. மார்ச்சில் மாற்றியதால் தப்பித்தோம். மே மாதம் வரை யோசித்துக்கொண்டிருந்தால் ஜூலைக் கப்பலுக்கு மாற்றும்போதே முழுத் தொகையும் கேட்டிருப்பார்கள். இறுதித் தொகை கட்டிய பிறகு தேதி மாற்றுவது என்பது பெரும்பாலும் ரத்துக்குச் சமம். டெபாசிட் மட்டுமில்லை, நாள் நெருங்க நெருங்கக் கட்டணத்தில் பாதி, முக்கால் என்று பிடிக்க ஆரம்பிப்பார்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் வந்திருக்குமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். வராது. சாதாரணக் காப்பீட்டில் எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் தருவார்கள் என்று பட்டியல் உண்டு: உடம்பு சரியில்லை, நெருங்கிய உறவினர் மரணம், வேலை போய்விட்டது, இப்படி. தம்பி கல்யாணம் அதில் இல்லை. விசா கிடைக்கவில்லை என்பதும் பொதுவாக இல்லை. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று தனியாக ஒரு வகை விற்கிறார்கள். விலை கூடுதல், முதல் டெபாசிட் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், கிடைப்பதும் முழுத் தொகை அல்ல, பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை. வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் காப்பீடு எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது மருத்துவச் செலவுக்காக. தேதி மாற்றத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மாற்றுவது அவர்கள் பக்கமாக இருந்தால் கதையே வேறு. கப்பலை வேறு பாதைக்கு அனுப்பிவிட்டோம், பயணத்தை ரத்து செய்கிறோம் என்று நிறுவனமே சொன்னால், நாம் போட்டது எந்த வகை டெபாசிட்டாக இருந்தாலும் பணம் திரும்ப வர வேண்டும். அமெரிக்காவில் ஏறும் பயணிகளுக்கு ஃபெடரல் மாரிடைம் கமிஷனின் 2022 விதி இருக்கிறது: பயணம் ரத்தானாலோ, கிளம்புவது மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போனாலோ முழுப் பணத்தையும் கேட்டு வாங்கலாம். 2020 மார்ச்சில் கப்பல்கள் எல்லாம் நின்றபோது, பணமா, 125 சதவீத வரவா என்று நிறுவனங்கள் கேட்டதும் பணம் கைக்கு வரப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்ததும் நினைவிருக்கலாம். அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த விதி இது. ஒரு துறைமுகத்தை மட்டும் விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால் இதில் சேராது. புயல் வந்தால் பெர்முடாவுக்குப் பதில் வேறெங்காவது கொண்டுபோய் நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

தேதி மாற்றியதோடு விலை உறைந்துவிடுகிறது என்றும் நினைக்க வேண்டாம். இறுதித் தொகை கட்டும் நாள் வரை, அதே கப்பல், அதே தேதி, அதே வகை அறையின் விலை இறங்கினால், டெபாசிட் திரும்ப வராத பதிவிலும் குறைந்த விலைக்கு மாற்றித் தருவார்கள், மாற்றுக் கட்டணம் இல்லாமல். ஆனால் அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பல் விற்பனைக்கு உச்ச காலம், விதவிதமான சலுகைகள் வாராவாரம் மாறும். மார்ச் கடைசியில் ஒரு வார இறுதிச் சலுகையில் பெரியவர்கள் அறை விலை 190 டாலர் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், மதியத்துக்குள் புதிய பில் வந்துவிட்டது. எங்கள் அறை விலை ஒரு டாலர்கூட இறங்கவில்லை. நான்கு பேர் அறைகள் தீர்ந்துகொண்டிருக்கும்போது அவர்கள் ஏன் இறக்கப் போகிறார்கள்?

பில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று மூடி வைத்துவிடாதீர்கள். பழைய பதிவோடு ஒட்டியிருந்தவை புதியதுக்குத் தானாக வரும் என்று நம்ப முடியாது. வைஃபையும் பெர்முடாவில் படகுச் சவாரியும் முன்கூட்டியே வாங்கியிருந்தோம். அவை ரத்தாகிப் பணம் கார்டுக்குத் திரும்பிவிட்டது, அதில் பிடித்தம் எதுவும் இல்லை. திரும்ப வாங்கும்போது வைஃபை விலை ஏறியிருந்தது, சவாரி அதே விலை. இரவுச் சாப்பாட்டு நேரம் பழைய பதிவில் ஐந்தரை மணி என்று இருந்தது, புதியதில் எட்டு மணிப் பந்தி என்று விழுந்திருந்தது. மாமனாருக்கு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. மாத்திரை வேறு இருக்கிறது. ஐந்தரை மணிப் பந்தி நிரம்பிவிட்டதாகச் சொல்லிக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள், ஜூன் நடுவில் இடம் கிடைத்தது. இந்திய சைவச் சாப்பாடு வேண்டும் என்ற குறிப்பும் காணாமல் போயிருந்தது. அதை இரண்டு பதிவிலும் மறுபடி எழுத வைத்தோம். கப்பலில் ஏறிய அன்றே சாப்பாட்டு அறை மேற்பார்வையாளரிடம் ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள் என்றும் அக்கா சொல்லியிருந்தார். சொன்னோம். அவர் மங்களூர்க்காரர். மாமியாரைப் பார்த்ததும், "அம்மாவுக்குக் காரம் எவ்வளவு?" என்று கேட்டார்.